விசில் ஊதினால் கீழே வைக்கிற கத்தி

இப்போது பிசைந்த மாவில் புளித்த வாசனை தூக்கலாக இருக்கிறது. கவனம் தப்பி ஈஸ்ட்டை அளவு மீறிப் போட்டுவிட்டேன். மகள் கல்யாணம் நடக்குமா, நின்றுபோகுமா என்று தெரியாத பயம். நீ இருந்திருந்தால் மூக்கைச் சுளித்து, "யாருய்யா இங்க சாராயம் காய்ச்சறது?" என்று கேட்டிருப்பாய்.

திண்டிவனத்திலேயே என் பன்னுக்குத்தான் மவுசு. சென்னைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் என் கடையைப் பார்த்ததும் தானாக பிரேக் போடுகிறது. சரி, சிரிக்காதே, பாதியாவது நிஜம். உள்ளே இருந்தபோதும் இப்படித்தான் அளந்து விடுவேன். "உன் புளுகுக்கு ஈஸ்ட்டே வேணாம்யா, தானா உப்பிக்கினு போவுது" என்பாய்.

ஜெயில் பேக்கரியில் நம் இருவருக்கும் ஒரே மேஜை. சாயங்காலம் விசில் ஊதினால் கத்தியைக் கீழே வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். கத்திகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் நகர விடுவார்கள். ஒருநாள் ஒரு கத்தி குறைந்தது. நான் கதவையும் வார்டரையும் மாறி மாறிப் பார்த்தேன். கடைசியில் அது மாவுத் தட்டுக்கு அடியில் கிடந்தது. அதுவரைக்கும் நீ பக்கத்தில் கையை விரித்தபடியே, "மாவு உப்புதா பாருய்யா. வேற எதையும் பார்க்காத" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்தபின் சொந்தக்காரன்கூட வேலை தரவில்லை. விழுப்புரத்துப் பேக்கரிக்காரர் மட்டும் நம்மை ஒரு தட்டு பன் போடச் சொன்னார். தின்று பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வரச் சொன்னார். அந்தக் கைத்தொழில் இல்லையென்றால் எந்த வழியில் போயிருப்பேனோ. நான் தனிக்கடை போட்டபோது நீ ஒன்றுதான் சொன்னாய்: "பஸ் ஸ்டாண்டு பக்கம் வேணாம்யா. கண்டக்டருங்க விசில் ஊதிக்கினே இருப்பாங்க." நான் கேட்டேனா? போன மழையில் காய்ச்சல் வந்து நீ போய்ச் சேர்ந்தாய்.

என் மகளைத் தன் பையனுக்குக் கேட்டிருக்கும் கிளியனூர்க்காரர் இன்று காலையில் கடைக்கு வந்தார். நான் துபாயில் பிரெட் மாஸ்டராக இருந்ததாகவும், ஒரு ஷேக் என் பன்னைத் தின்று கண் கலங்கியதாகவும்தான் அவருக்குத் தெரியும். ஒரு பன்னைக் கொடுத்துவிட்டு கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே பஸ் ஸ்டாண்டில் ஒரு விசில், நீளமாக. கத்தி தானாகக் கீழே போனது. இரண்டு கையும் விரிந்து நின்றன.

"இன்னா சம்பந்தி, யாருக்குக் கை காட்றீங்க?" என்று சிரித்தார்.

ஷேக் கதை நாக்கு நுனி வரை வந்தது. கல்லாவில் நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

"துபாய் இல்லீங்க. ஜெயில்ல இருந்தேன். இந்தத் தொழிலை அங்கதான் கத்துக்கினேன்."

கையிலிருந்த பாதிப் பன்னைத் திருப்பிப் பார்த்தார். "பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க மாமா," என்றாள் மகள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

மீதிப் பன்னை மெதுவாகத் தின்று முடித்தார். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்வந்து பதில் சொல்வதாகச் சொன்னார். ஷேக்கையே அழவைத்தவனுக்கு அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மாவை ஈரத்துணியால் மூடிவைத்து, அது உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே உனக்கு எழுதுகிறேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

இதோ, இன்னொரு விசில். பேனா கீழே போய்விட்டது. விரிந்த கை இரண்டிலும் மாவு ஒட்டியிருக்கிறது.