மைதானத்து ஆறு

அன்புள்ள பாலத்து இன்ஜினீயர் அம்மாவுக்கு,

உன் வீட்டுக் கணக்கு வாத்தியார் எழுதுவது. நானும் நம் வாலுப் பெண்ணும் நலம். குக்கர் மட்டும் நலமில்லை. விசில் அடிக்க மாட்டேன் என்கிறது. எனக்கும் அதற்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. பாலத்தின் இரண்டாம் கட்டத்துக்கும் உன்னையே இருக்கச் சொல்கிறார்கள், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளிடம் கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். நீ போனதிலிருந்தே எதைக் கேட்டாலும் ஒரு "ம்", அதற்கு மேல் பெயராது. பதில் எழுதாமல் நான் இழுத்தடித்தது அதனால்தான். இன்றைக்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பரீட்சை நெருங்குகிறது. நம் வாலுவின் வகுப்பில் பாதிக் கணக்குப் பாடம் அப்படியே கிடக்கிறது. விளையாட்டுப் பீரியடை எனக்குத் தாருங்கள் என்று புது பி.டி. டீச்சரிடம் போய் நின்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "தாராளமா எடுத்துக்கோங்க சார். ஆனா ஒரே ஒரு தடவை எங்களோட விளையாடிட்டு எடுத்துக்கோங்க" என்றார். இதென்ன பிரமாதம் என்று பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மைதானத்தில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். நடுவில் இருப்பது ஆறு என்று வைத்துக்கொள்ள வேண்டும். நீ அங்கே நிஜ ஆற்றோடு மல்லுக்கட்டுகிறாய், எனக்கு இது. கையில் சில ரப்பர் பாய்கள், ஆட்களைவிடக் குறைவாக. பாயைப் போட்டு ஏறி, பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டு, மொத்த வகுப்பும் அக்கரை போக வேண்டும். ஒருவர் கால் தரையில் பட்டாலும் எல்லோரும் முதலிலிருந்து.

நான் சும்மா இருப்பேனா? மொத்த வகுப்பும் என்று டீச்சர் சொன்னது உண்மைதான். யாராவது போய்ச் சேர்ந்தால் போதாதா என்பது என் எண்ணம். வேகமான நாலு பையன்களைப் பொறுக்கி, பாய்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, கண் மூடித் திறப்பதற்குள் அக்கரையில் நின்றேன். கையைத் தூக்கி, ஜெயித்துவிட்டோம் என்று கத்தவும் செய்தேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு குட்டிப் பெண், "அப்ப நாங்க சார்?" என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். வகுப்பே அந்தப் பக்கம் ஒரு பாய்கூட இல்லாமல் நின்றது. வகுத்தலில் மீதி வந்தால் ஓரமாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற ஆள் நான். இங்கே அந்த மீதியில் முதல் ஆளாக என் மகளே நின்றாள். அசடு வழிய நின்றேன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். ஸ்கூலில் என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள். அதையெல்லாம் மறந்து, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, "அப்பா, திரும்பி வாங்க. பாயெல்லாம் கொண்டு வாங்க" என்றாள். நல்ல பிள்ளையாகத் திரும்பினேன். என்னை நட்டாற்றில் ஒரு பாய் மேல் நிறுத்தினாள். "நீங்கதான் தூண். நகராதீங்க. கைய மட்டும் நீட்டிட்டே இருங்க." நீ பெற்ற பிள்ளை இல்லையா? என் தொப்பைக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பதை நீகூட இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, என் கட்டைவிரலை மிதித்து, அடுத்த பாய்க்குத் தாவினார்கள். பயந்தவர்களை அவள் அதட்டினாள், கெஞ்சினாள், ஒருவனைக் கிச்சுக்கிச்சு மூட்டி நகர்த்தினாள். நடுவில் யாரோ காலை ஊன்றிவிட, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடைசியில் தூணையும் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் கரை சேர்ந்தபோது போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியை என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். பீரியடைக் கேட்க மறந்தே போனேன். இனி கேட்கவும் மாட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்குப் பேச்சு நிற்கவே இல்லை. அந்தச் சாக்கில் உன் கேள்வியைப் போட்டேன். வழியில் கிடந்த ஒரு கல்லைக் கொஞ்ச தூரம் உதைத்துக்கொண்டே வந்தாள். பிறகு, "அம்மா வந்துட்டா பாலம் பாதியில நின்னுடுமா?" என்றாள். நிற்காது, வேறு யாராவது கட்டுவார்கள் என்றேன். "வேணாம், அம்மாவே கட்டட்டும். அவங்கதான் நல்லா கட்டுவாங்க. ஆனா கடைசி ஆள் வர்ற வரைக்கும் ஆட்டம் முடியாதுன்னு மட்டும் எழுதுங்கப்பா" என்றாள்.

எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, எங்களுக்குச் சம்மதம். உயரத்தில் ஏறி நிற்கும்போது பார்த்துக் கால் வை. அவசரப்பட்டுத் தாவாதே. நாங்கள் இங்கே கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறோம். அவள் சின்னப் பிள்ளை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். எனக்குத்தான் கை சீக்கிரம் வலித்துவிடும். அது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஆற்று நடுவில் நிற்கும்
உன் தூண்