சந்தைக்கு வராத கூடைகள்

என் பிள்ளையின் வாப்பாவுக்கு, பஸ்ராவிலிருந்து ஸலாம்.

நீங்கள் போன பிறகு ஓமானில் நம் மார்க்க வழிக்கு ஆட்கள் சேருவதாகக் கேள்விப்பட்டேன். அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது.

இங்கே, நம் வழியைத் தடைசெய்த அமீருக்குத் தெரியாமல் நம் வீட்டு நிலவறையில் உஸ்தாதின் மார்க்கப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வெளியாள் யாராவது வந்து நான் வாசல் சங்கிலியை ஆட்டினால் கீழே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கூடை முடைவார்கள். வந்த ஆள் போனதும் ஓலையைக் கீழே போட்டுவிடுவார்கள். நீங்கள் பாதியில் விட்டுப்போன கூடை இன்னும் பாதியில்தான் இருக்கிறது.

நேற்று அமீரின் காவலன் ஒருவன் வந்தான். புதியவன், மரியாதையாகப் பேசுகிறான். நிலவறையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"இத்தனை பேர் உக்காந்து முடையுறீங்க. சந்தையில உங்க கூடை ஒண்ணுகூடப் பாத்ததில்லையேம்மா?"

"எல்லாம் ஓமானுக்குப் போயிடுதுப்பா. என் வீட்டுக்காரர்தான் கொண்டு போறாரு." வாயில் வந்தது அதுதான்.

"அப்ப அவர் வரட்டும். அவர்கிட்டயே ஒண்ணு வாங்கிக்கறேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கீழே நேற்றிலிருந்து எல்லோரும் நிஜமாகவே முடைகிறார்கள். இதை எழுதும்போது அவன் நம் பிள்ளையை மடியில் வைத்துப் பேரீச்சம்பழம் ஊட்டிக்கொண்டிருக்கிறான். பிள்ளையும் சிரிக்கிறது.

வரும்போது அங்கிருந்து கூடை எதுவும் வாங்கி வர வேண்டாம். வரவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் உம்மா