இருபத்துமூன்று அங்குலம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டார் என்று எழுதுகிறேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து ஊருக்கே வழி சொன்ன என் வீட்டுக்காரருக்கு, பக்கவாதம் வந்த பிறகு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் பெரிது. வலது கை தொங்குகிறது. எங்கள் பழைய காரின் சீட்டோ தரையோடு தரை. என் தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது. மூட்டை மாதிரி தூக்கப்படுவதைவிட வீட்டிலேயே கிடக்கலாம் என்று முடிவு கட்டிவிட்டார்.

டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. "இந்த ஆறு மாசத்துல திரும்பி வர்றதுதாம்மா வரும். விட்டுடாதீங்க." அதில் ஒன்றரை மாதம் போயாயிற்று.

மார்ச் 5

துணி வெட்டும் மேசைக்கு முன்னால் நான் போட்டுக்கொள்ளும் உயர ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் மட்டும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்கிறார். டேப்பை வைத்துப் பார்த்தேன். இருபத்துமூன்று அங்குலம்.

எனக்கு வேண்டியது கார் இல்லை. இருபத்துமூன்று அங்குலத்தில் ஒரு சீட். அதற்கு நாலு சக்கரம் இருக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

ஷோரூமுக்குப் போனோம். எங்களை வந்து பிடித்துக்கொண்டவன் போட்டிருந்த கோட்டின் தோள் இரண்டு அங்குலம் வெளியே தொங்கியது. கை விரல் நுனி வரை வந்தது. முப்பது வருஷமாகத் தைக்கிறேன், இப்படி ஒரு கோட்டை எதிரிக்குக்கூடத் தைத்துக் கொடுத்ததில்லை.

"வாங்க சார், உக்காருங்க சார், எந்த மாடல் பாக்கறீங்க சார்?" மூன்று சாரும் தம்பிக்கு. அவனுக்குச் சைக்கிளே நேராக ஓட்ட வராது.

"வாங்கறது அக்காங்க," என்றான் தம்பி.

"ஓகே சார்," என்றான் கோட்டுக்காரன்.

நான் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொரு வண்டியாக அளந்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நகைக் கடைக்குள் ஆடு புகுந்துவிட்டது போல ஒரு பார்வை. நாலாவது வண்டியில் முன்சீட் சரியாக இருபத்துமூன்று. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். அதே அளவு. அந்த வண்டியில் மூன்று ரகம் உண்டாம். எனக்குக் கட்டுப்படியாவது நடு ரகம்.

"நடு ரகத்துலயும் சீட்டு இதே உயரந்தானே?" என்று கேட்டேன்.

"சேம் சேம், சார்," என்று தம்பியிடம் சொன்னான்.

ஓட்டிப் பார்க்கச் சாவியையும் தம்பியிடமே நீட்டினான். அவன் சுடுசட்டியைக் கண்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். நான் வாங்கி ஓட்டினேன். வழி முழுக்கக் கோட்டுக்காரன் பின்சீட்டில் தம்பிக்கு இன்ஜின் பாடம் நடத்தினான். தம்பி 'உம்' கொட்டிக்கொண்டே வந்தான். இறங்கியதும் என்னிடம் ரகசியமாக, "காபி நல்லா இருக்குக்கா, இன்னொண்ணு கேக்கலாமா?" என்றான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

புக் செய்துவிட்டேன். பத்து நாளில் வண்டி வீட்டு வாசலில் நிற்குமாம்.

மார்ச் 29, சனி

பத்து நாள் இருபத்தொன்று ஆயிற்று. வண்டி "சிஸ்டத்தில்" இருக்கிறதாம், வண்டிகளை நிறுத்தும் யார்டில் இல்லையாம். சிஸ்டத்தில் என் வீட்டுக்காரரை உட்கார வைக்க முடியுமா? கேட்டேன். சிரிக்கிறான். வெள்ளை நிறம் என்றால் நாளைக்கே தருகிறானாம். கூடவே தரைவிரிப்பு, வண்டியை மூடும் உறை, இன்னும் என்னென்னவோ வாங்கியே ஆக வேண்டுமாம். "மேட் இல்லாம வண்டி வெளிய போகாது மேடம்." முதல் தடவையாக மேடம். எதையாவது தலையில் கட்டும்போது மட்டும் நான் கண்ணுக்குத் தெரிகிறேன்.

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார். இவர்களைப் பார்த்துத்தான் எவனோ சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 10

இன்றும் இல்லை. "நாளைக்குக் கன்ஃபார்ம்." அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசலையே பார்க்கிறார்.

ஏப்ரல் 19, சனி

வந்தது. சிவப்புத் துணி போட்டு மூடி, கேக் வெட்டி, கதவு உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து தம்பி கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் ஓரமாக நிற்கிறேன். படத்தில் பாதி முகம்தான் இருக்கிறது.

கிளம்பும்போது கோட்டுக்காரன் தம்பியைத் தனியே இழுத்துப் போய், "கம்பெனியிலருந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க. ஒம்பது சொன்னாக்கூட எங்களுக்கு ஃபெயில்தான்," என்று கெஞ்சினான். வரட்டும். மார்க் போட நான் தயார்.

ஏப்ரல் 20

உயரம் இல்லை. இருபத்தொன்றேகால்.

அவர் உட்கார்ந்தார். எழ முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். நாலாவது தடவை என்னைப் பார்த்தார். தம்பியைக் கூப்பிட்டேன். எதிர் வீட்டுக்காரர்கள் புது வண்டி பார்க்க வந்து நின்றார்கள், அத்தனை பேர் முன்னால் தூக்கினோம். பாவி... என்னத்த அளந்தேன் நான்?

மாலை ஷோரூமுக்குத் தனியாகப் போய்க் குனிந்து பார்த்தேன். நான் அன்று அளந்தது மேல் ரகம். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிவர். இழுத்தால் சீட் ஏறும். யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் ரகத்தில் லிவரே கிடையாது. 'சேம் சேம்'.

துணியை நனைக்காமல் அளவெடுக்கக் கூடாது என்று என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன். தண்ணீரில் போட்டுச் சுருங்க விட்டு அப்புறம்தான் டேப். நானே நனைக்காமல் அளந்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 24

கோட்டுக்காரன்: "மேனேஜரைப் பாருங்க." மேனேஜர்: மீட்டிங்கில். மீட்டிங் முடிந்ததும் லீவு. நான் சொன்னதெல்லாம் கிணற்றில் போட்ட கல். கம்பெனிப் போனும் வரவில்லை.

மே 2, வெள்ளி

வராத போனுக்கு நானே போன் செய்தேன். கம்பெனித் தலைமை அலுவலகம். ஒரு பெண் எடுத்தாள். கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மேடம், உங்க புகாரை எடுத்துக்க முடியாதே. போன மாசம் இருபத்திரெண்டாம் தேதி நீங்களே பேசியிருக்கீங்க. பத்துக்குப் பத்து. ரொம்பத் திருப்தின்னு இருக்கு."

எந்த நம்பர் என்று கேட்டேன். சொன்னாள். என் நம்பர் இல்லை.

"பேசினதைப் போட்டுக் கேளும்மா," என்றேன். காத்திருக்கச் சொன்னாள். அந்தப் பாட்டு ஒரு யுகம் ஓடியது. திரும்பி வந்தாள்.

"மேடம்... இதுல பேசறது ஒரு ஆம்பளைங்க. பேரு கேட்டதுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்காரு."

ஒரு நிமிடம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெண் குரலில் பேச ஒரு ஆளைப் பிடிக்கும் சிரமம்கூடக் கோட்டுக்காரன் படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனாவது சோறு போடுவான். முதல் நாளிலிருந்து என்னிடம் பேசவில்லை. கடைசியில் எனக்குப் பதிலாக நானாகவே பேசிவிட்டான். என்ன அயோக்கியத்தனம்.  

மே 5, திங்கள்

மீட்டிங்கிலும் லீவிலும் இருந்த மேனேஜர் இன்று பழக்கூடையோடு என் வீட்டு வாசலில். தலைமை அலுவலகம் பிடித்து உலுக்கியிருக்கிறது. பின்னால் கோட்டுக்காரன், இன்று கோட் இல்லாமல். சட்டைக் காலரில் நூல் பிரிந்திருந்தது. நான் கதவைத் திறந்தேன். மேனேஜர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, நாற்காலியில் இருந்த அவரிடம் நேரே போனார்.

"சார், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு சார். நாம பேசித் தீத்துக்கலாம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது. வார்த்தையை எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவருவது எனக்குத் தெரிந்தது. மேனேஜர் புரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.

"வண்டி... வாங்கினது... அவ. அவகிட்ட... பேசுங்க."

ஐந்து வார்த்தை. ஒரு நாள் கணக்கில் பாதி.

மேனேஜர் திரும்பினார். உட்காரச் சொல்லவில்லை நான். "லிவர் இருக்கற சீட்டு. பத்து நாள்ல. மாட்டினதும் நான் அளந்து பாப்பேன்," என்றேன். சரி மேடம், சரி மேடம், சரி மேடம். மூன்று மேடம். போகும்போது பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். தம்பிக்குத்தான் வருத்தம்.

மே 16, வெள்ளி

மாட்டினார்கள். டேப் வைத்தேன். இருபத்துமூன்று.

மே 19, திங்கள்

தானே ஏறினார். தானே இறங்கினார். எதிர் வீட்டில் யாரும் வெளியே வரவில்லை. வேண்டிய நாளில் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விடாமல் பயிற்சி. இன்று திரும்பி வரும்போது என் போன் அடித்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார், கார் கம்பெனியிலருந்து பேசறோம். எங்க ஷோரூம் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க சார்?"

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். வலது கை. நடுங்கியது, ஆனால் கீழே இறங்கவில்லை.

வண்டியை ஓரம் கட்டினேன். "எழுதிக்கங்க," என்று மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பித்தேன். முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.