உன் மூக்குக்காகக் காத்திருக்கும் முப்பது பேர்

அக்கா,

முதலில் வீட்டுச் சேதி. பெரியவன் மகன் பாலிடெக்னிக் முடித்து வளவனூரிலேயே மோட்டார் ரிப்பேர் கடை வைத்துவிட்டான். அவன் தங்கச்சி பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்தவள் டியூஷன் போனவள், இவள் போகாதவள். அதையும் சேர்த்துத்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். சின்னவன் மகனுக்கு ஓட்டப்பந்தயத்தில் கோப்பை, டிவி மேல் இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி வெண்ணிலா பொம்மை செய்கிறாள். நம் தொழில்தான், ஆனால் அவள் கையில் மண் ஒட்டாது, காகிதக் கூழ் ஒட்டாது.

இன்று காலை அவள், கம்ப்யூட்டரில் செய்ததைப் பொம்மையாக்கித் தரும் மிஷினைத் திறந்தாள். நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி வீடெல்லாம் பரவியது. தகட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நடுவிரல் உயரத்தில், மடியில் மல்லாட்டைக் கூடையோடு நீ. அப்படித் தொங்கியும் ஒரு வேர்க்கடலைகூடக் கீழே விழவில்லை.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் பொம்மைப் பட்டறையில் நாம் சேர்ந்தது நினைவிருக்கும் உனக்கு. கொலுவுக்கு முந்தின ஆறு மாசம் அங்கே வேலை. மற்ற மாசம் நீ திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்பாய். பட்டறையில் நடுவில் பலகை, இந்தப் பக்கம் நான், எதிரே நீ. நான் புடவைக்கு வண்ணம் அடித்துத் தள்ளுவேன், நீ கடைசியாகக் கண் திறப்பாய். ஒரு அச்சு செய்தால் நூற்றுக்கணக்கில் பொம்மை விற்றால்தான் முதலாளிக்குக் கட்டுப்படியாகும். அதனால் சாமிக்கும் செட்டியாருக்கும்தான் அச்சு.

"பார்வதிக்கும் செட்டியார் பொஞ்சாதிக்கும் ஒரே அச்சுடி. பொடவைய மாத்திட்டா பரமசிவனே ஏமாந்து செட்டியார் ஊட்டுக்குப் போயிடுவாரு" என்பாய்.

மல்லாட்டை விற்கிறவளுக்கு எவன் அச்சு போடுவான் என்று நான் ஒரு தரம் கேட்டேன். "போட்டாலும் கொலுவுல ஒக்கார மாட்டேன். கூடைய தூக்கிக்கினு வியாபாரத்துக்குப் போயிடுவேன்" என்றாய்.

வெண்ணிலாவுக்கு அச்சே வேண்டாம் அக்கா. கம்ப்யூட்டரில் ஒரு உருண்டை வரும். மையில்லாத பேனாவால் கறுப்புப் பலகையில் தேய்த்தால், திரையில் கன்னம் உப்பும், தாடை இறங்கும். பிசகினால் ஒரு தட்டு, பழையபடி ஆகிவிடும். என் பேச்சில் உன்னைக் கேட்டுக் கேட்டு, பஸ் ஸ்டாண்ட் மனுஷர்கள் வரிசையில் உன்னைத்தான் முதலில் செய்தாள். படத்தை நெட்டில் போட்டாள். பொம்மை சேர்க்கிறவர்கள் முப்பது பேர், சென்னை, பெங்களூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் கேட்டிருக்கிறார்கள். குழந்தை விளையாட இல்லை, கொலுவுக்கும் இல்லை; கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்க. முப்பதே போதுமாம். அடியில் நம்பர் போட்டு அதோடு நிறுத்திவிடுவாளாம்.

ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கண்ணை முதலிலேயே வைத்துவிடுகிறாள். காது இல்லை, முடி இல்லை, நீ முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, திரையில் உன் கண் மேல் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன். வந்தவள் பொம்மையைத் திருப்பினாள். முகம் திரும்பிப் போய்விட்டது, பொட்டு இரண்டும் அந்தரத்தில் நின்றன.

"இன்னா ஆயா இது?"

"கண்ணு கடசீலதான் தொறக்கணும். காது அறுக்கறத அவ பாத்துக்கினு இருக்கணுமா?"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. ஆனால் பொட்டை எடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க உன் முதுகையும் கூடையையும்தான் செய்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று வந்த பொம்மை நேரே பார்த்தால் நீதான். பக்கவாட்டில் திருப்பினால் யாரோ. அவளிடம் இருந்தது உன் ஓட்டர் கார்டு படம் ஒன்றுதான், அதில் நேர் முகம்.

"மூக்கு அவளுது இல்ல" என்றேன்.

"சிங்கப்பூர்காரனுக்கு எப்படி ஆயா தெரியும்?"

"அவன் அலமாரியில ஒக்காந்துட்டா அப்புறம் அதான்டி அவ. போனது திரும்பி வராது."

கேப்பை மாவைப் பிசைந்து நானே உன் மூக்கைப் பிடித்துப் பார்த்தேன். முதல் தடவை என் வீட்டுக்காரர் மூக்கு வந்தது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. எத்தனை வருஷம் உன்னோடு உட்கார்ந்தேன், உன் மூக்கு எனக்குத் தெரியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. எதிரெதிரே அல்லவா உட்கார்ந்தோம்? நேர் முகம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

வெண்ணிலா என் முகத்தைப் பார்த்தாள். முப்பது பேருக்கும் எழுதினாள்: மூக்கு சரியில்லை, ஒரு மாசம் பொறுக்க முடியுமா என்று. சாயந்தரத்துக்குள் முப்பது பேரும் பொறுக்கிறோம் என்றுவிட்டார்கள். உன் மூக்குக்காக ஊர் ஊராகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் அக்கா.

போன வாரம் மரக்காணம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக உன் மகளைப் பார்த்தேன், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில். எந்த பஸ் வருகிறது என்று கழுத்தைத் திருப்பினாள். அப்படியே நீ. கண்ணால் பார்த்தால் தெரிகிறது, நினைத்தால்தான் வருவதில்லை. இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அதனால் இந்தக் கடிதத்தைப் பெருமுக்கல்லில் இருக்கும் அவள் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். நீதான் போய்ச் சேர்ந்துவிட்டாயே, அவள்தான் படிப்பாள். அம்மாடி, ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பக்கவாட்டில் நின்று, பஸ் பார்க்கிற மாதிரி. போட்டோக்காரர் சிரிக்கச் சொல்வார், சிரிக்காதே. பஸ் வருகிற நேரத்தில் உன் அம்மா ஒரு நாளும் சிரித்ததில்லை.