தோளில் திறக்கும் டாப்ஸ்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீ சுகமா என்று கேட்பதைவிட, என் மகன் தள்ளிவிட்டதில் முறிந்த உன் தோள் எலும்பு கூடியதா என்று கேட்பதே சரி. கட்டுப் பிரித்த பிறகும் கையைத் தூக்க வரவில்லை, உடுப்பு மாற்ற இன்னொருத்தி துணை வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போய்ப் பனியன் துணி வாங்கி வந்தேன்.

இத்துடன் வரும் டாப்ஸ் எல்லாம் நம் வீட்டு மெஷினில் தைத்தவை. முதலில் வெட்டியது பாழ். பனியன் துணி ஒரு வாக்கில்தான் நன்றாக இழுபடும். அந்த இழுப்பு உடம்பைச் சுற்றி வர வேண்டும். ரவிக்கை வெட்டுகிற பழக்கத்தில் நான் நெடுக்கே வைத்து வெட்டிவிட்டேன். தலையணைக்கு மாட்டிப் பார்த்தால் தலையணைக்கே மூச்சு முட்டியது. ஊருக்கெல்லாம் தைத்தவள் செய்கிற வேலையா என்று நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. ஊசியையும் மாற்றினேன், சாதாரண ஊசி இந்தத் துணியில் ஓட்டை போடுகிறது. இடது தோளை மூட்டாமல் விட்டு, கழுத்திலிருந்து கை ஓரம் வரை பிரஸ் பட்டன் வைத்திருக்கிறேன். வலது கையையும் தலையையும் நுழைத்துக்கொள். இடது கையைத் தொங்கவிட்டபடியே உள்ளே விட்டு, பட்டனைப் போட்டால் முடிந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம்.

அவர் மாறிட்டாரா அத்தை, நான் வரலாமா என்று கேட்டிருக்கிறாய். மாறினது போலத்தான் இருந்தான். ஒழுங்காக வேலைக்குப் போனான். உன் பேச்சை எடுத்தால் கண் கலங்கினான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, எனக்கும் ஆசை வந்தது. எதிர்வீட்டுக்காரி வேறு, கல்லானாலும் கணவன் என்று தினம் வந்து ஓதுகிறாள். கல் சும்மா கிடக்கும், கையை ஓங்காது என்றேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

போன வாரம் கடைசி டாப்ஸுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்றான். எனக்குத்தான் என்றேன். என் உடம்புக்கு அது பாதிகூடக் காணாது என்று அவனுக்குத் தெரியாதா? நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். தெரியாது என்றேன். கையிலிருந்து பிடுங்கி, பட்டன் வைத்த இடத்திலேயே கிழித்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதான். மன்னிச்சிடும்மா, இனிமே இப்படி நடக்கவே நடக்காது என்றான். ஒவ்வொரு முறையும் உன்னிடம் சொன்னதாகச் சொல்வாயே, அதே வார்த்தைகள். பெற்ற மனம் பித்து. தலையைத் தடவிக் கொடுத்தேன், சாப்பாடு போட்டேன். ஆனால் உன் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது.

பதில் எழுதினால் வீட்டுக்கு வேண்டாம், அவன் கையில் சிக்கும்; எப்போதும்போல நூல்கடை அக்கா விலாசத்துக்கே போடு. டாப்ஸை வெந்நீரில் துவைக்காதே, சுருங்கிவிடும்.

உன் கை சீக்கிரம் தலைக்கு மேலே எழட்டும். உனக்கு ஒரு குறையும் வராது. நீ வராதே மகளே. அவன் ஆள் அனுப்பலாம். அத்தைக்கு முடியவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறாள் என்று சொல்லச் சொல்லலாம். நம்பாதே. அது நிஜமாகவே இருந்தாலும் வராதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அத்தை