வீடு அவர் பேரில்

மொன்றியல்,
கார்த்திகை 2004

என் அன்பு அம்மாவுக்கு,

சீதேவி எழுதுகிறேன். முழங்கால் வலி இப்போது எப்படி? குளிசையை விடாமல் போடுங்கோ. நான் சுகமாக இருக்கிறேன்.

ஒரு விஷயம், பயப்படாதீங்கோ. நானும் யோகராசாவும் பிரிந்துவிட்டோம். கோயிலில் தாலி கட்டிய பிறகு, கலியாணத்தைப் பதிவம் என்று கேட்டபோதெல்லாம் "பேந்து பார்ப்பம்" என்றே சொல்லி வந்தார். வீட்டுக் கடனை அவர் கட்டினார். சாப்பாட்டுச் செலவு என்னுடையது. ஒரு லோயர் பொம்பிளையிடம் போனேன். "கியூபெக்கில் பதியாமல் எத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டப்படி மனைவி இல்லை. அவரவர் பேரில் இருப்பது அவரவருக்கு" என்றா. சாப்பிட்டு முடித்த சோறு யார் பேரிலும் இல்லை, அம்மா.

சனிக்கிழமை சாமான் எடுக்கப் போனேன். சண்டை ஒன்றுமில்லை, தேத்தண்ணிகூடப் போட்டுத் தந்தார். உடுப்பையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, "தாலிக்கொடி நான் வாங்கினதுதானே" என்றார். கழற்றி மேசையில் வைத்தேன். அழவில்லை. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இப்போது செயின்ட்-மிஷேலில் ஓர் அறையில் இருக்கிறேன். கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுங்கோ, கதைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. புது விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உறையில் திருமதி யோகராசா என்று எழுதாதீங்கோ. அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் மகள்,
சீதேவி