அட்டை திரும்பும் வரை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், நம்பாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. எங்கள் இருவர் உடம்புக்கும் குறையொன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் போன மாதத்தைவிடத் தேவலை, மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறி, மேலே நின்று என்ன இன்னும் வரலையா என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளைக்கு வரேன் என்று சொல்லிப் பத்து நாளாகிறது, அவருடைய நாளை எந்தக் கிழமையில் வரும் என்று தெரியவில்லை. போன ஞாயிறு போனில் நீ மூன்று முறை இருமினாய், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய். இருமல் ஒரு வாரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் போ, அந்த மருந்துக்கடைக்காரர் கொடுக்கிறதை வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காதே. அப்பாவுக்கு என்ன ஆச்சு, எதைக் கேட்டாலும் ஊம் ஊம் என்று மட்டும் சொல்றார் என்று அம்மாவிடம் கேட்டாயாம். உங்க அப்பாகிட்டயே கேளு என்று அவள் போனை வைத்துவிட்டாளாம். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணு. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

நீ வீட்டைவிட்டுப் போன பிறகுதான் நான் வகுப்பெடுப்பதை விட்டு, வகுப்பெடுப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்தேன், அதனால் அது எப்படி என்று நீ பார்த்ததில்லை. பதினெட்டுப் பள்ளிக்கூடங்கள், எல்லாவற்றிலும் காலையில் இந்த ஊர் மொழி, மதியம் தமிழ். வகுப்புக் கதவின் உட்பக்கம் ஓர் அட்டை தொங்கும், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். நீலம் தெரிந்தால் அறைக்குள் ஊர் மொழி மட்டும், மஞ்சள் தெரிந்தால் தமிழ் மட்டும், ஆசிரியருக்கும் அதே சட்டம். சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு பிள்ளை போய் அதைத் திருப்பும். அந்த ஏற்பாடு என்னுடையது. இரண்டையும் கலந்துகட்டிப் பேசினால் பிள்ளை எது சுலபமோ அதிலேயே உட்கார்ந்துவிடும், இரண்டு வருஷத்தில் தமிழ் கரைந்து போகும், இதை நான் முப்பது வருஷம் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் நேரத்தை நாம் மதித்தால்தான் நம் நேரத்தை அவர்கள் மதிப்பார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வேன். கடைசி வரிசையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஆசிரியர் மொழி மாறுகிற ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். வகுப்பு முடிந்ததும் அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு இருவரும் பேசுவோம். எனக்கு அட்டை வாத்தியார் என்று பேர், ஒட்டிக்கொண்டால் ரத்தம் குடிக்காமல் விடமாட்டார் என்று அதற்கு விளக்கம் வேறு. கேள்விப்பட்டபோது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

என்னிடம் இந்த வருஷம் வந்த ஆசிரியர்களில் ஒரு பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள், இரண்டாம் வகுப்பு எடுக்கிறாள். நல்ல பிள்ளை. அவள் வகுப்பில் யாராவது மூக்கைத் துடைக்கவேண்டுமென்றால்கூட அவளிடம்தான் ஓடுவார்கள். நாற்பது நிமிஷத்தில் அவளுக்கு எட்டுக் கோடு விழுந்தது, எல்லாம் நீல நேரத்தில், எல்லாம் ஏதாவது ஒரு பிள்ளை தமிழில் கேட்டு இவள் இரங்கிப்போனதால் விழுந்தவை. தாளைக் காட்டினேன். நீங்க ஓடிப்போய்ப் பிடிக்கிறதாலதான் அவங்க விழறாங்க, கொஞ்சம் பொறுங்க, தேவை வந்தா வார்த்தை தானா வரும் என்றேன். காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு. அடுத்த தடவை ஒரு கோடுகூட இருக்காது சார் என்றாள். இருக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, அவள் வகுப்பில் ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று, நாலு மாதத்துக்கு முன் சேர்ந்தது, எழுந்து போய் டீச்சரிடம் வயிறு வலிக்குது என்று தமிழில் சொன்னது. மணி பத்து இருக்கும். கதவில் நீலம். இவள் காதில் கைவைத்துப் பத்து எண்ணினாள். குழந்தை உதட்டை அசைத்தது, வார்த்தை வரவில்லை, போய் உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி பத்து. அதற்குப் பிறகு வரவே இல்லை, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. வீம்பு பிடிக்கிறது, வார்த்தை உருவாகிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்து, அட்டையைத் திருப்புகிற பிள்ளை போய்த் திருப்பியது. அந்தக் குழந்தை தலையைத் தூக்கி மஞ்சளைப் பார்த்துவிட்டு, இப்ப சொல்லலாமா டீச்சர் என்று கேட்டதாம். ரொம்ப வலிக்குது என்று சொல்லி எழுந்தது, கால் நிற்கவில்லை. இவளே தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியிருக்கிறாள். குடல்வால் வீங்கி உள்ளேயே உடைந்துவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது, பிழைத்துக்கொண்டது, அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், உன்னைப் பதறவைத்துவிட்டேன். அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன மாறியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

குழந்தையின் பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள், கொடுக்காமல் என்ன செய்வார்கள். பள்ளிக்கூடம் அந்த டீச்சரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு விளக்கம் கேட்டது. அவள் எழுதிக்கொடுத்ததை எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதி, கவனிக்கத் தவறியது என் பிழை என்று முடித்திருக்கிறாள். என் பெயர் இல்லை, என் கோடுகள் இல்லை, பத்து எண்ணச் சொன்னவன் யார் என்று இல்லை. அதைப் படித்துவிட்டு நான் எழுதிய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். வலி, பயம், காயம் என்றால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பார் என்று ஒரு வரி இருக்கிறதா என்று. நாற்பத்திரண்டு பக்கத்தில் அந்த ஒரு வரி இல்லை. இதைக்கூடவா சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பேன். நான் வகுப்பெடுத்த காலத்தில் ஒரு பிள்ளை முகம் சுளித்தாலே போதும், சட்டமாவது மட்டையாவது, எந்த மொழி வாயில் வந்ததோ அதில் கேட்டுவிடுவேன். ஆனால் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது சட்டத்தை மட்டும் சொன்னேன், நான் மீறியதை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் மதிப்புக் குறையும் என்று இருந்திருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு அது எங்கிருந்து தெரியும்.

வருகிற வியாழக்கிழமை விசாரணைக் குழு உட்காருகிறது. என்னை அழைக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற இன்னொரு பயிற்றுநர் அம்மாளிடம், இருபது வருஷப் பழக்கம், குழு முன்னால் நானாகப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சும்மா கெடந்த சங்கை ஏன் சார் ஊதிக் கெடுக்கிறீங்க என்றார். அவர் பயப்படுவது எனக்காக மட்டுமில்லை. மதியத் தமிழை எடுத்துவிடலாமா என்று மேலிடத்தில் இரண்டு வருஷமாகப் பேச்சு இருக்கிறது, ஒரு ஆசிரியை கவனிக்கலைன்னா அவங்களோட போகும், திட்டமே தப்புன்னு நீங்களே போய்ச் சொன்னா பதினெட்டுப் பள்ளிக்கூடத்துலயும் இழுத்து மூடிடுவாங்க, அந்த நாலாயிரம் பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது என்று கேட்டார். அதில் தப்பு ஒன்றுமில்லை. கிளம்பும்போது யானைக்கும் அடி சறுக்கும் சார் என்று ஆறுதல் சொன்னார். யானை சறுக்கியது சரி, அடியில் மாட்டிக்கொண்டது இரண்டு பெண்பிள்ளைகள் அல்லவா. அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் கூடையில் இருந்த துணியெல்லாம் மடித்து முடித்தாள். பிறகு, நீங்க போகலைன்னா அப்புறம் தினம் வீட்ல இந்த மூஞ்சியைத்தானே நான் பாக்கணும் என்றாள். அம்மாவை உனக்குத் தெரியுமே, அது திட்டா ஆசீர்வாதமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறை, கட்டிலில் பிள்ளைகளின் நோட்டுகள் அடுக்கியிருந்தன, வேலை இல்லாத நேரத்திலும் திருத்திக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சார், நீங்க சொன்ன மாதிரிதானே காத்திருந்தேன், எந்த எடத்துல தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன் என்றாள். வகுப்பு முடிந்ததும் என் எதிரில் உட்கார்ந்து கேட்பாளே, அதே குரல். குத்தல் துளியும் இல்லை. இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருஷமாக யார் எதைக் கேட்டாலும் குறை சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை. நீங்க தப்புப் பண்ணல, நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. அவள் நம்பவில்லை. என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் அவள் என் பெயரை எழுதாமல் விட்டதாக நினைத்திருந்தேன் கண்ணு. அப்படியில்லை, சட்டம் சரி, தனக்குத்தான் திறமை போதவில்லை என்று அவள் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். போகவேண்டாம் என்று அம்மா சொன்னாள், கேட்கவில்லை. தகப்பனார் வாசலில் நிற்கவைத்தே பேசினார், அது நியாயம்தான். தாயார் உள்ளே கூப்பிட்டார். குழந்தை போர்வைக்குள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது, கை குச்சியாக இளைத்திருந்தது. வகுப்பில் கடைசியில் உட்காருகிற தாத்தா என்று என்னை அடையாளம் தெரிந்துகொண்டது. எப்படி இருக்கே பாப்பா என்று தமிழில்தான் கேட்டேன். அது பதில் சொல்லாமல் என் சட்டையைப் பார்த்தது, கையைப் பார்த்தது, திரும்பிக் கதவைப் பார்த்தது. எதைத் தேடுகிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அதன் சொந்த வீடு, பக்கத்தில் பெற்ற தாய், அங்கே எந்த அட்டையும் இல்லை. வெளியே வந்து தெருமுனை வரைக்கும் நடந்தேன், அங்கே ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் வியாழக்கிழமை போகிறேன். எட்டுக் கோடு போட்ட தாள் என் கோப்பில் இருக்கிறது, அதையும் புத்தகத்தையும் எடுத்துப் போகிறேன். இந்தப் பெண் என் பேச்சைக் கேட்டாள், அதற்கு முன் அவள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள் என்று இரண்டு மொழியிலும் சொல்லப்போகிறேன். என் வேலை போகும், போகட்டும். மதியத் தமிழ் போய்விடுமோ என்கிற பயம்தான் காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. எடுத்துவிடாதீர்கள், என்னை எடுத்துவிட்டு அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பேன். கேட்பார்களா தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும். உடனே போன் பண்ணி அம்மாவைக் குடையாதே, அவளும் வெளியே காட்டிக்கொள்ளாமல்தான் இருக்கிறாள், மடித்த துணியையே மறுபடி உதறி மடிக்கிறாள்.

இன்னொன்று கேட்கவேண்டும். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஊரார் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தவன் உனக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசற்படிக்கு உள்ளே தமிழ்தான் என்று வைத்திருந்தேன், நீ ஊர் மொழியில் ஆரம்பித்தால் புரியாதவன்போல முகத்தை வைத்துக்கொள்வேன், நீயும் சிரித்துக்கொண்டே மாற்றிச் சொல்வாய். உனக்குப் பதினோரு வயது. நான் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து பக்கத்தில் நின்று ஊர் மொழியில் கடகடவென்று ஏதோ தொடங்கினாய். நான் நிமிராமல், எனக்குப் புரியலையே என்றேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் ஒண்ணுமில்லப்பா என்று அழகான தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். அந்த வாரத்திலிருந்து நீ பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறவில்லை. இரண்டு வருஷம் நாற்பது நிமிஷம் நடந்தே போனாய். நடந்தா உடம்புக்கு நல்லதுதானே என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்தேன். அம்மா மட்டும் ஒருமுறை கேட்டாள், ஏன் பஸ் வேண்டாங்கறா என்று. பிடிவாதம், அப்படியே உன்னை மாதிரி என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

என்ன சொல்ல வந்தாய் கண்ணு. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், உனக்கு மறந்தும் போயிருக்கலாம், அப்படியானால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதிவிடு, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்ல முடியாவிட்டாலும் அம்மாவிடமாவது சொல்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும், எடுத்த காரியம் கைகூட வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. இருமலை மறந்துவிடாதே. பதில் எழுதும்போது தமிழில்தான் எழுதவேண்டும் என்று பார்க்காதே, முதலில் எது வருகிறதோ அதில் எழுது. எனக்கு இரண்டும் புரியும். அன்றைக்கும் நீ சொன்ன முதல் நாலு வார்த்தை புரிந்துதான் இருந்தது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா